நரம்புத் தளர்ச்சி என்னும் சொல்

தமிழ் கற்பிக்கும் நாம் நோயைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என அன்பர் சிலர் வினவலாம். சொற்களை ஆள்வது நம் தொழில். ஒரு சொல் கேடு விளைப்பதைக் கண்ட பின் வாளாவிருத்தல் நமக்கு அழகன்று.

இராகலைப் பகுதியில் கால் மரத்துப்போகிறது என்று எவர் கூறினும் "நரம்புத் தளர்ச்சி" என்ற விடை ஆயத்தமாக உள்ளது. அன்றேல் வாதம் என்பர், குளிர் என்பர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போவர். நம் அயலில் கொழுந்து பறித்த அம்மையார் ஒருவர், செருப்புக் கழன்றதையும் உணராமல் நடந்து வந்ததைக் கண்டோம். ஈராண்டுகள் அச்சொல்லே அவருக்கு மருந்தாயிற்று. பாதம் தொங்கிய பின்னரே குருதியைச் சோதித்தனர். நோயின் வேர் ஆங்கே இருந்தது.

எலும்பு மச்சையிலுள்ள பிளாஸ்மாக் கலங்கள், கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை ஆக்குவன. அவற்றுள் ஒரு கலத்தின் வழிவந்தவை மட்டும் வரம்பின்றிப் பெருகினால், ஒரே வகைப் புரதம் குருதியில் மிகும். சிலரிடத்து அது நரம்பின் உறையைத் தாக்கும். சிலரிடத்து அமிலாயிட்டு என்னும் படிவாகி நரம்பில் தங்கும். 1980 ஆம் ஆண்டில் 'போயம்ஸ்' எனப் பெயர் பெற்ற அரிய நோயில், கால் வலுவிழத்தலோடு வீக்கமும் தோற்கருமையும் தோன்றும். தசையை மெலிவிக்கும் இயக்க நரம்பணு நோய் பெரும்பாலும் குருதியோடு தொடர்பற்றது. அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆயின் அதனைப் போலத் தோன்றும் நரம்பு நோய்கள் சில மருந்துக்கு இணங்குவன. ஆதலாற் பிரித்தறிதல் இன்றியமையாதது.

கால் மரத்தல் யாவும் இந்நோயாகா. நீரிழிவே பெரும்பாலும் காரணம். உயிர்ச்சத்து பி12 குறைவும் தொழுநோயும் காரணமாகலாம். அமெரிக்க மாவட்டமொன்றைப் பற்றி 2006 இல் வெளியான ஆய்வில், 50 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 3 பேரளவில் இத்தகைய புரதம் காணப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர்க்கு அதனால் இடரில்லை. எனவே புரதத்தைக் கண்டதும் அஞ்சவேண்டியதில்லை. தீர்ப்புக் கூறவேண்டியவர் வைத்தியரே. எனினும் நீரிழிவு இல்லாதிருந்தும் மரப்பு மேலேறி வருமாயின், குருதிப் புரதங்களை மின்விசையாற் பிரித்துக் காணும் சோதனையைப் பற்றி வைத்தியரைக் கேட்பது நோயாளியின் உரிமை. பட்டுப்போன நரம்பு எளிதில் மீள்வதில்லை; காலந்தாழ்த்தல் இங்கே பெருங்கேடு.

இச்சோதனை தோட்ட மருந்தகத்திற் கிட்டுவதன்று. நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ சென்று வருதல் வேண்டும். பேருந்துக் கட்டணமும் ஒருநாட் சம்பள இழப்பும் லயத்துக் குடும்பத்துக்குச் சிறியவையல்ல. விழாவுக்கென நிதி திரட்டும் பழைய மாணவர் சங்கம், அதில் ஒரு பங்கை இத்தகையோரின் வழிச்செலவுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது நம் துணிபு. மருத்துவம் பயின்ற நம் மாணவர் ஆண்டுக்கொரு நாள் இங்கு வந்து, மரத்த கால்களைத் தொட்டுப் பார்த்தால் அது பெரும்பணியாகும்.

அவ்வம்மையார் சிகிச்சை பெற்று இன்று கோலூன்றி நடக்கின்றார். ஈராண்டு முன்னரே சோதித்திருந்தால் அக்கோல் தேவைப்பட்டிராது என்று அவருடைய வைத்தியர் கூறினாராம்.