பறக்கும் தட்டு உண்டா?



தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கங்களில் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், யாராவது ஒரு வாலிபர் வந்து, கூட்டத்தில் கேட்க வெட்கப்பட்ட கேள்வியைத் தனியாய்க் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் அது பேயைப் பற்றியதாய் இருக்கும். இப்போது, "அய்யா, பறக்கும் தட்டு உண்டா, இல்லையா? எதையும் இல்லை என்கிற கட்சிதானே நீங்கள்? இதையும் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் நிம்மதியாய் வீட்டுக்குப் போவேன்" என்கிறார்கள்.

நாம் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை. எதையும் இல்லை என்பது நமது கட்சியல்ல. ருஜு எங்கே என்று கேட்பதுதான் நமது கட்சி. ருஜு கேட்காமல் உண்டு என்பவனுக்கும், ருஜு பார்க்காமல் இல்லை என்பவனுக்கும் சோம்பேறித்தனத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் நம்மவர்களிலேயே சிலர், இந்தப் பேச்சு எழுந்தவுடன் பெரிய சிரிப்பாய்ச் சிரித்துவிட்டு, பகுத்தறிவு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுகிறார்கள். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

2023 ஜூலைக் கடைசியில், நமக்குப் பக்கத்திலுள்ள முட்டுக்காட்டில், ஓய்வு பெற்ற போலீஸ் டைரக்டர் ஜெனரல் பிரதீப் வி. பிலிப் அவர்கள், வானத்தில் இன்னதென்று தெரியாத ஒளிப் பொருள்களைக் கண்டதாகவும், படம் எடுத்ததாகவும் சொல்ல, பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டன. உடனே ஊர் இரண்டாய்ப் பிரிந்தது. ஒரு சாரார், "இவ்வளவு பெரிய அதிகாரி பொய் சொல்லுவாரா? ஆகவே வேற்றுக் கிரகத்தார் வந்தது நிச்சயம்" என்றார்கள். மற்றொரு சாரார், "பெரிய அதிகாரியே இப்படிப் பேசலாமா?" என்று கேலி செய்தார்கள். இந்த இரண்டு சாராருக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறதே, அதில் யாராவது நின்றார்களா? பிலிப் அவர்கள் கண்டதைச் சொன்னார். கண்டதைச் சொல்லுவது குற்றமல்ல, பைத்தியமுமல்ல. ஆனால் கண்டது என்ன என்பது வேறு கேள்வி. பெரிய பதவி ஒரு மனிதனின் நாணயத்துக்கு அத்தாட்சியாகலாம். அவன் கண்ணுக்கு அது அத்தாட்சியாகுமா? டைரக்டர் ஜெனரலுக்கும் மாடு மேய்ப்பவனுக்கும் கண் ஒன்றுதான். சொல்லப்போனால், வானத்தைப் பார்க்கும் பழக்கம் மாடு மேய்ப்பவனுக்கே அதிகம்.

அன்று முட்டுக்காட்டில் தெரிந்தது இன்னது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அப்படி ஒரு செய்தி வந்தால் கேட்கவேண்டிய கேள்விகள் நமது வட்டாரத்துக்கென்றே சில இருக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து வானிலை இலாகாவார் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை, காலை 5.30, மாலை 5.30 மணிக் கணக்கை ஒட்டிச் சற்று முன்பின்னாக, கருவி கட்டிய பலூன் ஒன்றை விடுகிறார்கள். அது மேலே போகப் போகப் பருத்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துப் போகும். தரையில் இருட்டு இறங்கிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆகையால் கருத்துவரும் வானத்தில் தனியாய் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்குவது தெரியும். சத்தம் இருக்காது, இறக்கை இருக்காது, காற்று திரும்பினால் அதுவும் திரும்பும். இது போதாதா?

இன்னொன்று, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். காற்றின் திசையைப் பார்த்துச் சில நாள் கடல் பக்கமிருந்து வரிசையாய் வந்து இறங்கும். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நமக்கு நேராக வருகிற விமானம், பல நிமிஷம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். பிறகு திரும்பினவுடன் விளக்கு மறைந்து, "கண் இமைக்கும் நேரத்தில் மாயமாய்ப் போய்விட்டது" என்பார்கள். இதோடு தாம்பரம் விமானப் படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகள், கடற்கரை விடுதிகளில் கல்யாணக்காரர்கள் கொளுத்தி விடும் காகித விளக்குகள், டிரோன்கள் எல்லாம் சேர்ந்தால், நமது தென்சென்னை வானம் தேர்த் திருவிழாக் கடைத்தெருவைவிட நெரிசலாயிருக்கிறது. 2019-லிருந்து ஸ்டார்லிங்க் என்ற பெயரில் ஒரே தடவையில் 60 செயற்கைக் கோள் வரை அனுப்பி வருகிறார்கள். அவை புதிதில் ரயில் வண்டி போல விளக்கு வரிசையாய் ஊர்ந்து போவதைக் கண்டு அலறாத தேசமில்லை.

"தட்டு" என்ற பெயர் வந்த கதையையும் சொல்லவேண்டும். நமக்குச் சுயராஜ்யம் வருவதற்கு ஏழு வாரம் முன்னால், 1947 ஜூன் 24-ந்தேதி, அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்ட் என்பவர் தமது சொந்த விமானத்தில் ரேனியர் மலைப் பக்கம் போனபோது, ஒன்பது பொருள்கள் வேகமாய்ப் போவதைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீரின்மேல் தட்டை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோலப் போயின என்று அவர் போன மாதிரியைச் சொன்னார். வடிவம் தட்டு என்று தாம் சொல்லவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் "பறக்கும் தட்டு" என்று தலைப்புப் போட்டார்கள். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு கண்டவர்களில் பலர் தட்டு வடிவத்தையே கண்டார்கள். வேற்றுக் கிரகத்தார் நமது பத்திரிகையைப் படித்துவிட்டா தங்கள் வாகனத்தின் வடிவத்தை மாற்றிக்கொண்டார்கள்? அமெரிக்கன் கனவில் முனியப்பன் வருவதில்லை. நம் பாட்டி கனவில் தட்டு வந்ததில்லை. அவரவர் காதில் விழுந்ததுதான் அவரவர் கண்ணில் தெரிகிறது.

கண் ஏமாறும் என்றால் பாமர மக்களின் கண் மட்டுமே ஏமாறும் என்று நினைக்கக் கூடாது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் நமது பட்டாளத்தார் வானத்தில் விளக்குகளை 329 தடவை கண்டு எழுதி வைத்தார்கள். சீனாக்காரன் அனுப்பும் வேவு விமானம் என்று அவர்களுக்குச் சந்தேகம். துப்பாக்கியோடு இரண்டு தேசம் எதிரெதிராய் நிற்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. கடைசியில் இந்திய வானியற்பியல் நிறுவனத்து ஆட்களைக் கேட்டார்கள். அவர்கள் வந்து, நேரத்தையும் திசையையும் குறித்துக் கணக்குப் பார்த்து, ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மலை உயரத்தில் காற்று தெளிவாயிருப்பதால் கிரகங்கள் பெரும் பிரகாசமாய்த் தெரிகின்றன. இதைச் சிரித்துத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உண்மையென்று நம்பிச் சுட்டிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? பரீட்சை செய்ததினால் அல்லவா பிழைத்தோம்!

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்த வானியற்பியல் நிறுவனத்தின் வேர் நமது சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட வானாராய்ச்சி நிலையம். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர், 1874-இல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே போகப் போகிறது, அது இன்ன காரணத்தால் என்று சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி சிறு புத்தகம் எழுதி வெளியிட்டார். எந்த ஜாதியில் பிறந்தாலும் இந்தக் காரியம் நல்ல காரியம் என்று நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அதிலிருந்து 139 வருஷம் கழித்து அதே வெள்ளியைப் பட்டாளத்தாருக்கு அடையாளம் காட்ட வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னவென்று சொல்லுவது!

"எல்லாவற்றுக்கும் இப்படிச் சமாதானம் சொல்லிவிட முடியுமா? மிஞ்சுவது எவ்வளவோ இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. மிஞ்சுவது உண்டு. அமெரிக்க விமானப் படையார் 1969 வரை சேர்த்துவைத்த 12,618 சம்பவங்களில் 701-க்கு விடை கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2021-இல் அமெரிக்க சர்க்கார் 144 சம்பவங்களை எடுத்துப் பார்த்து, ஒன்றே ஒன்றுக்குத்தான் நிச்சயமாய் விடை சொல்ல முடிந்தது. (அது காற்றுப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன்.) ஆனால் விடை தெரியவில்லை என்பதற்கு அர்த்தம் என்ன? தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் யாரோ விட்டுப்போன மூட்டை கிடக்கிறது. பெயரில்லை, விலாசமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் "சொந்தக்காரர் தெரியவில்லை" என்று எழுதுகிறார். உடனே அது தேவலோகத்திலிருந்து வந்த மூட்டை ஆகிவிடுமா? "தெரியவில்லை" என்பது நமது நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய சங்கதியே ஒழிய மூட்டையைப் பற்றிய சங்கதி அல்ல. 2023 செப்டம்பரில் நாஸா அமைத்த நிபுணர் கூட்டமும், 2024 மார்ச்சில் அமெரிக்க யுத்த இலாகாவும் சொன்னது, வேற்றுக் கிரகத்தார் வந்ததற்கு அத்தாட்சி ஏதும் கிடைக்கவில்லை என்பதுதான். நாஸாக்காரர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். கேலிக்குப் பயந்து விமானிகள் கண்டதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள், அதனால் நல்ல தகவல் சேருவதில்லை என்றார்கள். சிரிக்கிற நமது தோழர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வேறு உலகங்களில் உயிர் இருக்க முடியாது என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் 5,000-க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டாகிவிட்டது. எங்கேயாவது உயிர் இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பது வேறு, போன வாரம் மேடவாக்கத்துக்கு வந்தார்கள் என்பது வேறு. சூரியனுக்கு அடுத்து நமக்குக் கிட்டத்திலுள்ள நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் வந்து சேரவே நாலு வருஷத்துக்கு மேலாகிறது. 1977-இல் கிளம்பிய வாயேஜர், வினாடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 வருஷம் போதாது.

சரி, இதையெல்லாம் படித்த விஞ்ஞானிகள் மெனக்கெட்டு ஆராய வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். வேற்றுக் கிரகத்தாருக்காக அல்ல, நமக்காக. 2023 நவம்பர் 19-ந்தேதி இம்பால் விமான நிலையத்தின்மேல் ஏதோ பறக்கிறது என்று சுமார் மூன்று மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி, யுத்த விமானங்களை அனுப்பித் தேட வேண்டியதாயிற்று. 2022 டிசம்பர் 15-ந்தேதி வங்காளத்தில் தெரிந்த வினோத ஒளி, நமது சர்க்கார் விட்ட அக்னி-5 ஏவுகணை. அதே மாதம் தெலுங்கானாவில் விகாராபாத் பக்கம் வயலில் வந்து விழுந்த பெரிய உருண்டையை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அது ஸ்பெயின் தேசத்துக் கம்பெனியார் பலூனில் ஏற்றிப் பரீட்சை பார்த்த கூண்டு.

எல்லாவற்றிலும் நமது மனதை உறுத்துவது, 2016 பிப்ரவரி 6-ந்தேதி நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் காலேஜில் நடந்தது. பெரிய வெடிச் சத்தம், ஒரு பள்ளம், பஸ் டிரைவர் ஒருவர் செத்துப் போனார். வானத்திலிருந்து விண்கல் விழுந்தது என்று சர்க்காரே அறிவித்து, குடும்பத்துக்கு ஒரு லக்ஷ ரூபாய் தருவதாகவும் சொன்னது. படங்களைப் பார்த்த நாஸா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பைப் போலிருக்கிறதே தவிர விண்கல் போல இல்லை என்றார்கள். தோழர்களே, இங்கே யோசித்துப் பாருங்கள். ஒரு ஏழைத் தொழிலாளியின் உயிர் போயிருக்கிறது. கல் வானத்திலிருந்து வந்ததென்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தரையிலிருந்து வந்ததென்றால் யாரோ பதில் சொல்ல வேண்டும். விதி, தலையெழுத்து என்று முன்பு சொன்னார்கள். விண்கல் என்பது கொஞ்சம் விஞ்ஞான வாசனை பூசிய தலையெழுத்தாகிவிடக் கூடாதல்லவா?

இனி, "புஷ்பக விமானம் நம்மிடம் அன்றே இருந்தது, பறக்கும் தட்டு அதன் வாரிசு" என்று கிளம்பியிருக்கும் பண்டிதர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 ஜனவரியில் பம்பாயில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசில் கூட, வேத காலத்து விமானத்தைப் பற்றி ஒருவர் கட்டுரை படித்தார். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற புத்தகத்தை, 1974-லேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் எடுத்துவைத்துக்கொண்டு, சிரிக்காமல், கோபிக்காமல், அதில் சொன்ன அளவுகளையும் எடையையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புத்தகம் 1904-க்கு முந்தியதல்ல, அதிலுள்ள விமானங்கள் பறக்கவும் பறக்காது என்று தெரிந்தது. படங்கள்கூட பெங்களூரில் ஒரு டிராப்ட்ஸ்மன் போட்டவை. நூறு மேடைப் பேச்சு செய்யாத வேலையை ஐந்து பேரின் கணக்கு செய்தது. அப்படியிருந்தும் 41 வருஷம் கழித்துக் காங்கிரஸ் மேடையில் அது ஏறிற்றென்றால், கணக்கைத் தமிழில் ஊர் ஊராய்க் கொண்டுபோகாத குற்றம் நம்மையும் சேர்ந்தது.

ஆகவே, கேட்ட வாலிபருக்கு நாம் சொன்னது இதுதான். இனிமேல் வானத்தில் ஏதாவது கண்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மூடினால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. அது அசைகிறதா என்பதை வெறுங்கண்ணால் தீர்மானிக்காமல், ஒரு தென்னை மட்டையையோ விளக்குக் கம்பத்தையோ சேர்த்து வைத்துப் பாருங்கள். இருட்டில் தனி ஒளியை உற்றுப் பார்த்தால் நிற்கிற நட்சத்திரமும் ஆடும். படம் எடுத்தால் வானத்தை மட்டும் எடுக்காமல் ஒரு கூரையோ மரமோ விழும்படி எடுங்கள். கூட இருந்தவர்களோடு பேசுவதற்கு முன்னால் தனித்தனியாய் எழுதி வையுங்கள். தாம்பரம் முதல் கோவளம் வரையுள்ள தோழர்கள் அப்படி எழுதியதை நமக்கு அனுப்பினால், பலூன் விட்ட நேரத்தையும் விமானம் வந்த நேரத்தையும் விசாரித்து, தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் இந்தப் பத்திரிகையிலேயே போடுகிறோம். பெயர் போட வேண்டாமென்றால் போடுவதில்லை.