நத்தாரின் மறுநாள்

மார்கழித் திங்களில் வெலிமடைக் குன்றுகளை வடகீழ்ப் பருவமழையும் மூடுபனியும் போர்த்துக்கொள்ளும். அக்குளிரிலே ஆங்கிலத் தோட்டத் துரைமார் தம் தாயகத்து நத்தாரைக் கண்டு மகிழ்ந்தனர். உறைந்த குளத்தின்மீது சறுக்கி விளையாடலும், ஹொலி இலையால் இல்லத்தை அணிசெய்தலும், கணப்பைச் சூழ்ந்திருந்து பிளம் புடிங் உண்ணலும் பிரித்தானிய நாட்டுப்புறத்தின் பனிக்கால இன்பங்களாம். வெண்பனி பெய்யாத ஊவா மலைகளிலும் அவர்கள் அவற்றை மறந்தாரல்லர். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் அப்புத்தளையில் எழுப்பிய கன்மாளிகைக்குக் கென்ற் நாட்டுச் சிற்றூராகிய அடிசத்தின் பெயரையே சூட்டினார். இன்று அது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாகும்.

துரையின் பங்களாவில் கணப்பு எரிந்தது; கொழுந்து பறித்தவளின் லயத்திலோ சமையலடுப்பே குளிர்காயும் தீயாயிற்று.

அவ்வழக்கங்களுள் நாம் கொள்ளத்தக்கது யாது? கணப்பன்று, நத்தாரின் மறுநாள் ஏவலர்க்கும் தொழிலாளர்க்கும் பரிசுப்பெட்டி வழங்கிய வழக்கமே என்போம். 1871 இல் இங்கிலாந்துச் சட்டம் அந்நாளைப் பொது விடுமுறையும் ஆக்கிற்று. ஆயினும், ஒருநாட் பரிசு உரிமைக்கு ஈடாகாது. ஆதலின் நாம் அதனினும் ஒருபடி மேற்செல்லல் வேண்டும்.

திருவெம்பாவைக் காலத்து விடியலில் நாம் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கச் செல்கின்றோம். அவ்வொலி லயத்து வாயிலிலும் கேட்க வேண்டாமா? பழைய மாணவராகிய நாம் விழாமலர் வெளியிடுவதோடு அமையாது, இம்மார்கழியில் தோட்டப் பிள்ளைகளுக்குக் கம்பளியும் கொப்பிகளும் கொண்டுசெல்வோமாக. ஆளுக்கொரு பிள்ளையின் கல்வியை ஆண்டு முழுவதும் தாங்குவோமாக. ஈகையில்லாப் பண்டிகை தீயில்லாக் கணப்பே.