லிமிட்டும் வரப்பும்

"எதற்கும் ஒரு லிமிட் உண்டு!" என்று விடுதியிலும் வகுப்பிலும் நாள்தோறும் கேட்கிறோம். அந்தச் சொல் பிறந்த இடம் எது தெரியுமா? வயல்வெளிதான்! இலத்தீனில் 'லீமெஸ்' என்றால் நிலங்களுக்கிடையே எல்லையாக விடப்பட்ட பாதை. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து 'லிமிட்' ஆயிற்று.

நம் 'வரம்பு' என்னும் சொல்லும் வயலுக்கு உரியதே. சங்கப் பாடல்களில் வயற்கரைக்கு வரம்பு என்று பெயர். யாழ்ப்பாணத்து உழவர் இன்றும் அப்படியே சொல்கின்றனர். தஞ்சையில் நாம் வரப்பு என்கிறோம்.

வரப்பு என்ன செய்கிறது? குறுவையோ சம்பாவோ, நட்ட வயலில் நீரை நிறுத்துகிறது. மிகுந்த நீரை மடை வழியே அடுத்த வயலுக்கு விடுகிறது. நாற்றுமுடி சுமப்பவர்க்கு நடைபாதையாகிறது. ஆகவே அது இருபுறத்தார்க்கும் பொதுவான காவல்.

நிலவுடைமைக்கு எல்லை கட்டும் சட்டத்தை ஆங்கிலத்தில் 'சீலிங்' என்றார்கள்; அதற்கு வீட்டின் உட்கூரை என்று பொருள். தமிழில் 'உச்சவரம்பு' என்றபோது சொல் வயலுக்கே திரும்பியது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. மிச்ச நிலம் நிலமற்றோர்க்குப் போகவேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் வரப்பை ஒரே வெட்டில் உடைப்பவர் எவருமில்லை. ஆண்டுதோறும் அண்டை வெட்டும்போது ஒரு கைப்பிடி மண்ணைத் தம் பக்கம் சீவிக்கொள்வோர்தாம் உண்டு. சட்டத்தின் வரப்பையும் பினாமிப் பெயர்கள் அப்படித்தான் சீவின. ரோமாபுரியிலும் இதே கதைதான்! பொதுநிலத்தில் எவரும் 500 யூகெராவுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற பழைய வரம்பை நிலைநாட்ட முனைந்த திபேரியஸ் கிராக்கஸ், கி.மு. 133இல் அடித்துக் கொல்லப்பட்டான்.

நண்பர்களே! கூலி உயர்வு கேட்பவரிடம் "லிமிட் தாண்டாதே" என்பது எளிது. கீழவெண்மணியில் 1968இல் 44 உயிர்கள் தீக்கிரையானதன் பின்னணியில் இருந்தது அந்தக் கூலித் தகராறுதான். நிலம் குவிப்பவரிடம் அதே சொல்லைச் சொல்ல நமக்கு ஏன் நா எழுவதில்லை? ஒருபக்கத்தார் மட்டும் மதிக்கவேண்டிய வரப்பு எந்த ஊரிலும் இல்லை. அப்படி ஒன்றை யாரேனும் காட்டினால், அதற்கு வரம்பு என்று பெயரிட நாம் ஒப்பலாகாது.