தலைமாட்டில் ஒருவர்

மயக்க மருந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் தொடங்குவார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியால் ஓர் இளைஞரை உறங்கவைக்க, அறுவை மருத்துவர் வாரன் அந்த இளைஞரின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கதறக் கதற அறுத்த காலம் அன்று விடைபெறத் தொடங்கியது. நாம் எல்லோரும் அந்த நாளின் வாரிசுகள். ஆனால் பதினைந்து மாதங்கள் கழித்து நடந்த ஒரு துயரமும் நமக்கு வந்த சொத்தில் சேர்ந்ததுதான். 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசிலை அடுத்த வின்லேட்டனில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகம் ஒன்றை எடுத்துக்கொள்வதற்காகத் தன் வீட்டிலேயே நாற்காலியில் அமர்ந்தாள். புதிதாக வந்திருந்த குளோரோபார்ம் ஒரு தேக்கரண்டி அளவு துணியில் ஊற்றப்பட்டு அவள் மூக்கருகே பிடிக்கப்பட்டது. நகத்தில் கத்தி பட்டதும் உடல் ஒருமுறை உதறியது, உதடு வெளுத்தது, வாயில் பிராந்தி ஊற்றிப் பார்த்தார்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துபோனது. மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே போதும் என்று எண்ணத்தக்க அளவுக்குச் சிறிய சிகிச்சை அது.

அந்த மரணத்தையும் அதன்பின் வந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திரட்டி ஆராய்ந்தவர் லண்டனின் ஜான் ஸ்னோ. காலராவுக்குக் காரணம் குடிநீரே என்று காட்டிய அதே ஸ்னோதான். 1853இல் விக்டோரியா அரசியின் பிரசவத்துக்குக் குளோரோபார்ம் கொடுத்தவரும் அவரே. 1858இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த நூலில் இப்படி 50 மரணங்கள் பதிவாகியுள்ளன. நகம், பல் என்று சின்னச் சின்னச் சிகிச்சைகளுக்கு வந்தவர்கள் அந்தக் காலத்தில் இறந்துகொண்டே இருந்தார்கள். ஏன் இறக்கிறார்கள் என்று விடை தேடும் முயற்சியில் நம் பக்கத்து ஹைதராபாத்துக்கும் பங்குண்டு. 1888இலும் 1889இலும் ஆறாம் நிஜாமின் ஆதரவோடு எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் நடத்திய ஆணையங்கள், முதலில் நிற்பது மூச்சுதான், அதைக் கவனித்தால் இதயத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவுகட்டின. 1911இல் லெவி என்ற ஆய்வாளர் அதை மறுத்தார்: குளோரோபார்ம் லேசாகக் கொடுக்கப்படும்போதே இதயம் சட்டென்று தடம்புரண்டு நிற்கக்கூடும். லேசான மயக்கம் என்பதால் பயமில்லை என்ற நம்பிக்கையே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்பது ஹன்னா இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் துலங்கியது.

அதற்குப் பின்னர் வந்த பாதுகாப்பு பெரிய மருத்துவமனைகளுக்குள் மெல்ல மெல்ல விளைந்தது. அமெரிக்காவின் பத்து மருத்துவமனைகளில் சுமார் ஆறு லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்தை ஆராய்ந்த பீச்சரும் டாடும் 1954இல் சொன்ன கணக்கு, 1,560 பேருக்கு ஒருவர் அதனால் இறந்தார் என்பது. ஜப்பானில் தக்குவோ அவோயாகி 1970களில் கண்டறிந்த வழிமுறையிலிருந்து பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்தது. கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதுதான். 1986இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் கண்காணிப்பு விதிகளை வகுத்தது. அவற்றில் முதலாவது கருவி எதையும் பற்றியதல்ல. மயக்கம் தொடங்கி முடியும்வரை தகுதி பெற்ற ஒருவர் அறையைவிட்டு நகரக் கூடாது என்பதே அது.

ஆனால் அதே காலத்தில் அறுவை சிகிச்சை மருத்துவமனையைவிட்டு வெளியே நடக்கத் தொடங்கியது. முகச் சுருக்கம் நீக்கவும், கொழுப்பை உறிஞ்சி எடுக்கவும் மருத்துவரின் சொந்த கிளினிக் போதும் என்றாயிற்று. செலவு குறைவு, யார் கண்ணிலும் படாமல் போய்வரலாம், அன்றே வீடு திரும்பலாம். கொழுப்பு நீக்கத்துக்கு முன் தோலுக்கடியில் பெருமளவு நீரோடு கலந்து செலுத்தப்படும் லிடோகெய்ன் இரத்தத்தில் உச்சம் தொடுவதற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அப்போது சிகிச்சை பெற்றவர் வீட்டில் தனியே படுத்திருக்கலாம். பால்போல் வெள்ளையாக இருக்கும் புரோபோஃபோல் ஊசியில் அரைத்தூக்கத்துக்கும் மூச்சு நின்றுபோகும் ஆழத்துக்கும் இடைவெளி மிகச் சிறிது. அதை முறிக்கும் மாற்று மருந்தும் இல்லை. 1999இல் நியூயார்க் நகரப் பிணப் பரிசோதனைப் பதிவுகளிலிருந்து கொழுப்பு நீக்கத்தை ஒட்டிய ஐந்து மரணங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 2000 ஆகஸ்டில் புளோரிடா மருத்துவ வாரியம், கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. 2003இல் வெளியான ஆய்வொன்று, அம்மாநிலத்தில் லட்சம் அறுவைகளுக்கு கிளினிக்குகளில் 9.2 இறப்பும் தனி அறுவை மையங்களில் 0.78 இறப்பும் நேர்ந்ததாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கை மறுத்தவர்கள் உண்டு. முறையான அங்கீகாரம் பெற்ற கிளினிக்குகளில் இறப்பு மிக அரிது என்று வேறு ஆய்வுகள் காட்டின. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அறை சிறியதா பெரியதா என்பதைவிட, அந்த அறைக்குள் பழைய பாடங்கள் நுழைந்தனவா என்பதே உயிரைத் தீர்மானித்தது என்று தெரிகிறது.

மயக்க மருந்தை யார் கொடுப்பது என்ற வழக்கும் பழையதே. மயக்கவியல் மருத்துவரா, பயிற்சி பெற்ற செவிலியரா என்ற சண்டை 1936இலேயே கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம்வரை போய், செவிலியருக்குச் சாதகமாக முடிந்தது; இன்றும் ஓயவில்லை. இருதரப்பும் வாதாடிக்கொண்டிருக்கும் வேளையில் இரண்டு பேருமே இல்லாத அறைகள்தான் எனக்கு அச்சமூட்டுகின்றன: கத்தி பிடித்தவரே மருந்தின் அளவையும் சொல்வார், உதவியாளர் ஊசியைச் செலுத்திவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்புவார். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஓர் இளைஞர் உயிரிழந்தபோது, மயக்க மருந்து கொடுத்தவர் கடைசிவரை உடனிருந்தாரா என்ற கேள்வி நம்மூரிலும் எழுந்தது. சின்னச் சிகிச்சை, லேசான மயக்கம் என்ற இரண்டு சொற்களும் 1848இலிருந்து நம்மைவிட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைப் புதிதாக நம்புகிறது.

அழகுக்காக வருகிறவர் நோயாளி அல்லர். நல்ல உடம்போடு தானாக நடந்து வருகிறவர். நோய் கொல்லும் என்ற நியாயம் அவர் விஷயத்தில் இல்லாததால், மற்ற எவரையும்விட அவருக்குக் காவல் கூடுதலாக வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் கேட்கட்டும்: என் தலைமாட்டில் வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்காரப்போகிறவர் யார், அவருடைய படிப்பு என்ன, என் மூச்சு நின்றால் இந்த அறையில் என்ன இருக்கிறது, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? பலருடைய மரணத்தால் நமக்குக் கிடைத்த கேள்விகள் இவை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நேரான பதில் வராத இடத்தில் படுக்கவும் வேண்டாம்.