ஆர்ஓ வாங்குறதுக்கு முன்னாடி இந்த டிடிஎஸ்-ஐயும் கொஞ்சம் பாருங்க

சம்பளம் வாங்குற நமக்கு டிடிஎஸ்-னு சொன்னா ஃபார்ம் 16-தான் ஞாபகத்துக்கு வரும். இன்னைக்குப் பேசப் போறது வேற டிடிஎஸ். தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு, சுண்ணாம்பு, மத்த தாதுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் இருக்குங்கிற கணக்கு அது. இந்த ஒரு நம்பரைப் பார்க்காமலே 15,000 ரூபாய்க்கு ஆர்ஓ மெஷினை இஎம்ஐ-ல எடுக்கிறவங்கதான் அதிகம். கல்யாணம் ஆகி தனி வீடு பார்த்ததும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வரிசையில ஆர்ஓ-வும் தானா வந்து உட்கார்ந்துடுது. ஃப்ரிட்ஜ் எல்லா வீட்டுக்கும் வேணும். ஆர்ஓ அப்படிக் கிடையாது.

ஆர்ஓ செய்யுற முக்கியமான வேலை உப்பை எடுக்கிறது. ரொம்ப நுண்ணிய ஒரு சவ்வு வழியா தண்ணியை அழுத்தித் தள்ளும்போது, கரைஞ்சிருக்கிற உப்பு பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்னுடும். கிருமிதான் உங்க பயம்னா அதுக்கு யூவி மெஷின் போதும், நல்லா கொதிக்க வெச்சாலும் போதும். ஆனா எவ்வளவு கொதிக்க வெச்சாலும் உப்பு குறையாது. அதனால, தண்ணியில உப்பு அதிகமா இல்லையாங்கிறதுதான் முதல் கேள்வி. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வெச்சிருக்கிற அளவு 500. வேற தண்ணியே கிடைக்காத இடத்துல மட்டும் 2,000 வரைக்கும் அனுமதி. 500-க்குக் கீழே இருக்கிற இடங்கள்ல ஆர்ஓ-வைத் தடை செய்யணும்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லயே உத்தரவு போட்டது. மெஷின் தயாரிக்கிறவங்க அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. கடையில உங்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க!

நம்ம ஊர்ல ஒரு பைப்புக்கும் அடுத்த பைப்புக்கும் தண்ணி மாறும். திருவான்மியூர், ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணி உப்புக் கரிக்கிற வீடுகள் நிறைய இருக்கு. அதே தென் சென்னைக்கு மெட்ரோ வாட்டர்ல வர்றதுல ஒரு பங்கு, நெம்மேலியில கடல் தண்ணியை ஆர்ஓ முறையில சுத்திகரிச்சு அனுப்புறது. அதை வீட்டுல இன்னொரு தடவை ஆர்ஓ பண்றது, அரைச்ச மாவையே அரைக்கிற கதை. கோயம்புத்தூர்ல சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுல ஆர்ஓ மாட்டுறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பல, ஊர்க்காரங்களே சொல்லுவாங்க.

டிடிஎஸ் மீட்டர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. நாலு பேரு சேர்ந்து ஒண்ணு வாங்கினா போதும். ஆனா அது எவ்வளவு கரைஞ்சிருக்குன்னுதான் சொல்லும், என்ன கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஃப்ளோரைடு பிரச்சினை இருக்கிற மாவட்டங்கள்ல போர் தண்ணி குடிக்கிறவங்க மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல கட்டணம் கட்டி சோதிச்சுப் பாருங்க. ஃப்ளோரைடு அதிகம்னு வந்தா, டிடிஎஸ் 400-ஆ இருந்தாலும் ஆர்ஓ-வுக்குத் தாராளமா செலவு பண்ணலாம்.

விற்க வர்றவங்க ஒரு வித்தை காட்டுவாங்க. ரெண்டு டம்ளர்ல உங்க தண்ணியையும் அவங்க தண்ணியையும் ஊத்தி, கம்பி வெச்ச ஒரு கருவியை உள்ள விட்டு கரண்ட் கொடுப்பாங்க. உங்க தண்ணி ரெண்டே நிமிஷத்துல சாக்கடை மாதிரி பழுப்பாகிடும், அவங்க தண்ணி அப்படியே இருக்கும். வீட்டுல இருக்கிற அம்மா அந்த நிமிஷமே 'வாங்கிடுடா'ன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பழுப்பு உங்க தண்ணியில இருந்த அழுக்கு இல்ல, அந்தக் கம்பியில இருக்கிற இரும்பு கரைஞ்சு வர்ற துரு. உப்பு இருக்கிற தண்ணியில கரண்ட் பாயும், துரு வரும். உப்பு எடுத்த தண்ணியில கரண்ட் சரியா பாயாது, அதனால துருவும் வராது. ஆர்ஓ தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுட்டு மறுபடியும் காட்டச் சொல்லுங்க, பார்ப்போம்.

இப்ப நம்ம சேனல் வழக்கப்படி கணக்குக்கு வருவோம். மெஷின் 15,000 ரூபாய், ஆறு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்குவோம். முதல் வருஷம் வாரன்ட்டி. அதுக்கப்புறம் ஃபில்டர், மெம்பிரேன், சர்வீஸ் எல்லாம் சேர்த்து ஏஎம்சி வருஷத்துக்கு 4,500-னா அஞ்சு வருஷத்துக்கு 22,500. மெஷின் விலையை விட பராமரிப்பு அதிகம்! மொத்தம் 37,500, அதாவது மாசம் சுமார் 520 ரூபாய். 20 லிட்டர் கேன் 40 ரூபாய்னா, இது 13 கேனோட விலை.

ரூம் எடுத்துத் தனியா இருக்கிறவருக்கு மாசம் ஆறு, ஏழு கேன் போதும். அவருக்கு ஆர்ஓ நஷ்டம். சமையலுக்கும் சேர்த்து 25 கேன் வாங்குற நாலு பேர் குடும்பத்துக்கு மாசம் 480 ரூபாய் மிச்சம். ரெண்டு பேர் இருக்கிற வீடுதான் நடுவுல நிக்கும். உங்க ஏரியா கேன் விலை, ஏஎம்சி தொகையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க. தண்ணி 500-க்குக் கீழே இருந்தா இந்தக் கணக்கே வேண்டாம். யூவி மெஷினோட பராமரிப்பு கம்மி, தண்ணியும் வீணாகாது.

வீணாகிற தண்ணியைப் பத்தியும் சொல்லணும். சாதாரண வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணி கொடுக்க ரெண்டு, மூணு லிட்டரை வெளியே தள்ளும். தினம் 30 லிட்டர் வெளியே போனா மாசம் 900 லிட்டர். உங்க அப்பார்ட்மென்ட் லாரி தண்ணி வாங்குது, லிட்டருக்கு 15 பைசா விழுதுன்னா 135 ரூபாய் சத்தமில்லாம மெயின்டனன்ஸ்ல ஏறும். பக்கெட்ல பிடிச்சு வீடு துடைக்கவும் பாத்ரூமுக்கும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு அதுலதான் இருக்கு.

நோ காஸ்ட் இஎம்ஐ-ன்னா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. வட்டியைத் தள்ளுபடியா கொடுத்தாலும் அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதோட ப்ராசஸிங் ஃபீஸ் வரும். 15,000 ரூபாய்க்கு ஆறு மாசத் தவணைன்னா 300, 350 ரூபாய் போகும். பெருசில்லதான், ஆனா ஒரு டிடிஎஸ் மீட்டர் விலை அது.

வாடகை வீடுன்னா, வருஷா வருஷம் வீடு மாத்துறவங்க ஒவ்வொரு தடவையும் கழட்ட, மாட்டத் தனியா கொடுக்கணும். புது வீட்டுத் தண்ணிக்கு அந்த மெஷின் தேவைப்படாமலும் போகலாம். அதனால வீடு பார்க்கப் போகும்போதே மீட்டரை பாக்கெட்ல வெச்சுக்குங்க. கிச்சன் குழாயில ஒரு டம்ளர் பிடிச்சுப் பார்க்க பத்து செகண்ட் போதும். நம்பர் 900-னு காட்டுச்சுன்னா, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே ஹவுஸ் ஓனர்கிட்ட ஆர்ஓ பத்திப் பேசிடுங்க. சாவி கைக்கு வந்தப்புறம் அவர் மாட்டித் தர மாட்டார்.