மண்சான்று கேட்கும் செவிகள்

இந்தியாவின் ஹெவி மெட்டல் இசையை ஆராய முற்படும் மாணவரிடம் கருத்தரங்குகளில் ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்படுகிறது: "இதில் நம் மண் எங்கே இருக்கிறது?" பண்பாட்டு அக்கறை தோய்ந்த, யாரையும் புண்படுத்தாத கேள்விபோல அது தோற்றமளிக்கிறது. எனினும், ஓர் இசையைக் கேட்பதற்கு முன்பே அதைத் தள்ளிவைக்கும் வழி இதைவிட எளிதாக வேறொன்றும் இல்லை. ஆய்வரங்கில் இக்கேள்வி ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையில் சின்னக்கானல் போன்ற மலையூர்களில் வாழும் தமிழர்களுக்கோ, இதே கேள்வி வாழ்வையே தீர்மானிக்கும் ஒன்றாக இருந்துவந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவைக் காண, முதலில் இசையிலிருந்தே தொடங்கவேண்டும்.

பெங்களூரில் 1998-இல் உருவான கிரிப்டோஸ் என்னும் குழு இதுவரை ஏழு ஆல்பங்களை வெளியிட்டுள்ளது: ஸ்பைரல் அசென்ட் (2004), தி ஆர்க் ஆஃப் ஜெமினி (2008), தி காயில்ஸ் ஆஃப் அப்போலியன் (2012), பர்ன் அப் தி நைட் (2016), ஆஃப்டர்பர்னர் (2019), ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர் (2021), டெசிமேட்டர் (2024). ஜெர்மனியின் வாக்கன் திறந்தவெளி விழாவில் 2013-இல் இக்குழு வாசித்தது. இருபது ஆண்டுகளில் ஏழு ஆல்பங்கள் என்பது இந்தியச் சூழலில் சிறிய சாதனையன்று. கல்லூரி விழாக்களில் பிறந்து, வேலைவாய்ப்பு வந்தவுடன் கலைந்துபோன மெட்டல் குழுக்களே இந்நாட்டில் அதிகம்.

இருந்தும், ஆய்வாளர்களின் பட்டியலில் முதலில் வரும் பெயர்கள் வேறு. கர்நாடக இசைக் கமகங்களைக் கிதாரில் கொணர்ந்த பைஜு தர்மஜன் இருந்த காலத்துக் கொச்சி மதர்ஜேன், சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் எடுத்தாண்ட சிங்கப்பூர் ருத்ரா, தோலும் பாங்க்ராவும் கலந்து உலகப் புகழ்பெற்ற தில்லி பிளட்டிவுட் ஆகியவையே அவை. மூன்றும் தத்தம் வழியில் மதிப்புமிக்க குழுக்கள், குறை அவற்றினுடையதன்று. 'இந்தியத் தன்மை' என்னும் தலைப்பின்கீழ் அவற்றை எளிதில் அடுக்கிவிடலாம் என்பதே அவை விரும்பப்படுவதற்குக் காரணம். கிரிப்டோஸை அப்படி அடுக்க முடியாது. அதில் சித்தாரும் இல்லை, செண்டையும் இல்லை, சுலோகமும் இல்லை. ஆகவே அதில் ஆராய ஒன்றுமில்லை என்ற முடிவு, ஒரு பாடலைக்கூடக் கேட்காமலேயே எட்டப்படுகிறது.

அந்த ஏழு ஆல்பங்களையும் வெளிவந்த வரிசையிலேயே கேட்பவருக்கு ஒரு தெளிவான பயணம் புலப்படும். தொடக்க ஆல்பங்களில் திராஷ் மெட்டலின் வேகமும் அடிக்கடி திசைமாறும் சிக்கலான கட்டமைப்பும் மேலோங்கியுள்ளன. அப்போலியனில் அந்த முயற்சி விரிவடைகிறது. 2016-இல் ஒரு திருப்பம் நிகழ்கிறது. தேவையற்றவை உதிர்கின்றன, பாடல்கள் இறுகுகின்றன, 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் வளர்ந்த ஹெவி மெட்டலின் நேரடியான கட்டுமானத்துக்குக் குழு திரும்புகிறது. அதன்பின் வந்த மூன்று ஆல்பங்களும் அவ்வெளிமையையே மேலும் கூர்தீட்டுகின்றன. இளமையில் சிக்கலைக் காட்டி வியக்கவைத்தவர்கள், முதிர்ச்சியில் மெட்டை நம்பத் துணிந்திருக்கிறார்கள். இதனைப் பின்னடைவு என்பவர்கள், கலையில் எளிமை கடைசியாகவே கைகூடும் என்பதை மறந்தவர்கள்.

இவ்விசையில் மெட்டு எங்கே உறைகிறது என்பதே ஆய்வாளர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. நோலன் லூயிஸின் குரல் கரகரப்பானது. அது மெட்டைப் பாடுவதைவிடச் சொற்களை உறுமி எறிகிறது. மெட்டைச் சுமப்பவை அவரும் ரோகித் சதுர்வேதியும் வாசிக்கும் இரு கிதார்கள். விஷ்போன் ஆஷ், தின் லிசி, ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் எனத் தொடரும் இரட்டைக் கிதார் மரபு இது. ஒரு கிதார் ஒரு சுரத்தை வாசிக்கையில் மற்றொன்று அதற்கு மூன்றாம் சுரத்தை வாசித்து, இரண்டும் இணையாக நகர்வதே இம்மரபின் வழக்கம்.

தமிழ்ச் செவிக்கு இரட்டை வாத்தியம் புதிதன்று. திருவீழிமிழலை சகோதரர்களின் இரட்டை நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த மரபு இது. ஆனால் அங்கே இரு நாகசுரங்களும் ஒரே சுரத்தில் ஒன்றி, ஒரே குரலாவதே இலட்சியம். இங்கே இரு கிதார்களும் ஒன்றாக நடந்தாலும் ஒன்றாகிவிடுவதில்லை. அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவே இசையாகிறது. மேலும் அத்தொலைவு நிலையானதன்று. கீழே ஷட்ஜம் ஒலிக்கும்போது மேலே இருப்பது சாதாரண காந்தாரம். கீழ்க் கிதார் அந்தக் காந்தாரத்துக்கு நகரும்போது, மேலுள்ள பஞ்சமம் அதிலிருந்து அந்தர காந்தார அளவு தள்ளி நிற்கிறது. சோகத்துக்கும் எழுச்சிக்கும் இடையே ஒரே மெட்டு ஊசலாடுவதுபோல் தோன்றுவதற்கு இந்த மாறும் தொலைவு ஒரு முக்கியக் காரணம்.

இந்த இடத்தில் மண்தேடும் ஆய்வாளர் துள்ளி எழக்கூடும்: "அப்படியானால் இது நடபைரவி அல்லவா?" ஹெவி மெட்டலில் பெரிதும் பயிலும் இயற்கை மைனர் சுரவரிசையும் இருபதாவது மேளகர்த்தாவாகிய நடபைரவியின் சுரவரிசையும் ஒன்றே. ஆனால் சுரவரிசை இராகம் ஆகிவிடாது. கமகமும் பிடிப்பும் சஞ்சாரமும் சேர்ந்தே இராகம். அவை எவையும் இங்கு இல்லை. இராகத்தில் இல்லாத இரண்டாவது குரல் இங்கு இருக்கிறது. நடபைரவி எனப் பெயரிட்டு மகிழ்வது அந்த இரண்டாவது குரலைக் காதிலிருந்து அழிப்பதாகும். இருப்பதைக் கேளாமல், இல்லாததைக் கண்டுபிடித்துப் பாராட்டுவது ஆய்வன்று.

மண்சான்று வழங்கப்பட்டவர்களுக்கும் அதனால் நன்மை விளைவதில்லை. மதர்ஜேனின் மக்தூப் (2008) பேசப்படும்போதெல்லாம் கமகமே பேசப்படுகிறது. ஆல்பத்தின் பெயரே ஓர் அரபுச் சொல் என்பதுகூட யாரையும் உறுத்துவதில்லை. அதற்கு முந்தைய இன்சேன் பயாகிரஃபி (2002) அவர்களுடைய கதைக்கு முன்னுரையாக மட்டும் சுருங்கிவிடுகிறது. புறக்கணிக்கப்பட்ட குழுவுக்கு ஓர் அநீதி என்றால், பாராட்டப்பட்ட குழுவுக்கு இது மற்றோர் அநீதி.

மாற்றுத்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. வயலின் வெளியிலிருந்து வந்தது; பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றார்; ஆனால் அது இராகத்தை வாசித்ததால்தான் நம்முடையதாயிற்று; வெறுமனே போலச்செய்வது எப்படி நம்முடையதாகும் என்பார்கள். கருவியைப் பொறுத்தவரை இது பொருந்தலாம். வடிவத்தைப் பொறுத்தவரை பொருந்தாது. நாவல் என்னும் வடிவம் வெளியிலிருந்தே வந்தது. 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஒன்றரை நூற்றாண்டு நெருங்குகிறது. இன்று ஒரு நல்ல தமிழ் நாவலை மதிப்பிட அதில் அகத்திணை எத்தனை விழுக்காடு என்று எவரும் அளப்பதில்லை. தவிரவும், 'மேற்கு' என்பதும் ஒற்றை மண்ணன்று. கறுப்பின அமெரிக்கரின் ப்ளூஸ், பர்மிங்காமின் தொழிற்சாலைகளைக் கடந்துதான் மெட்டல் ஆயிற்று. பிளாக் சபாத்தின் டோனி அயோமி, உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் விரல்நுனிகளை இழந்த தொழிலாளி. வேர்ச்சான்று கேட்டால் பர்மிங்காமும் தேறாது.

'மண்' என்னும் சொல் கருத்தரங்க மேடையில் மட்டும் புழங்குவதாயின் இவ்வளவு சினம் தேவையில்லை. இடுக்கி மலைகளில் அச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1877-இல் ஜே.டி. மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றபின் அங்கே வேரூன்றிய தேயிலையும் வெளியிலிருந்து வந்ததே. அது இன்று கேரளச் சுற்றுலா விளம்பரங்களின் பச்சை முகம். அதனிடம் எவரும் பிறப்பிடம் கேட்பதில்லை. அதைக் கிள்ளும் தமிழ்த் தொழிலாளரிடம் கேட்கிறார்கள். 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அதன்பின் தலைமுறைகள் கடந்தும், தலித் தொழிலாளர் பலருடைய பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டிருக்கிறது. 1950-க்கு முன்பே குடும்பம் இம்மண்ணில் குடியிருந்ததற்கு ஆவணம் கேட்கப்படுவதே காரணம். எஸ்டேட் லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தவர்களுக்கு ஏது நில ஆவணம்? 2011 திசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது, இம்மலைகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சித் தேனிப் பக்கம் இறங்கின. சின்னக்கானலின் தேயிலைச் சரிவுகளில் வாழ்வோருக்கு 'நீ எந்த மண்' என்பது பண்பாட்டுக் கேள்வியன்று.

ஒரு மெட்டல் குழு ஆய்வேட்டில் இடம்பெறாமல் போவதும் ஒரு மாணவி சான்றிதழின்றிக் கல்வியை இழப்பதும் ஒரே எடையுடையவை அல்ல. அப்படிச் சொல்வது ஆபாசம். ஆனால் இரண்டிலும் கேள்வியின் வடிவம் ஒன்றே: எதிரே நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பாராமல், எங்கிருந்து வந்தார் என்பதற்குத் தாள் கேட்பது. முன்னதில் பழகிய செவி பின்னதைக் கண்டு அதிர்ச்சியடைவதில்லை.

மேலும், இசையில் ஏற்கப்படும் அந்த 'மண்' யாருடையது? பெரும்பாலும் அது கர்நாடக இசையாகவோ சமஸ்கிருதமாகவோ இருந்தால்தான் சான்று உடனே கையெழுத்தாகிறது. பறையும் எஸ்டேட் லயங்களின் ஒப்பாரியும் அந்த மண்ணில் சேர்வதில்லை. மண் என்ற பெயரில் கேட்கப்படுவது பல வேளைகளில் மேடைக்கு ஏற்கெனவே உரிமைபெற்ற மரபுகள் மட்டுமே.

ஆகவே கேள்விகளே கூடாது என்பதன்று. வேறு கேள்விகள் வேண்டும். மின்கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்க யாரால் முடிந்தது? எந்தக் கல்லூரி விழாக்கள் யாரை மேடையேற்றின? ஆங்கிலத்தில் பாடுவது எந்த வகுப்பினருக்கு இயல்பாக இருந்தது? பெண்கள் ஏன் அம்மேடைகளில் அரிதாகவே தென்பட்டனர்? இவை கடுமையான கேள்விகள். கிரிப்டோஸும் இவற்றிலிருந்து தப்பமுடியாது, தப்பவும் கூடாது. ஆயின் இவை வகுப்பையும் சாதியையும் பாலினத்தையும் நோக்கி ஆய்வைத் திறப்பவை. மண் பற்றிய கேள்வியோ, விடையை முன்பே வைத்துக்கொண்டு ஆய்வை மூடிவிடுகிறது.

அடுத்த முறை ஒரு மாணவர் இத்தகைய குழுவொன்றை ஆய்வுப் பொருளாகக் கொண்டுவரும்போது, நெறியாளர் செய்யவேண்டியது சிறிய செயல்தான். அதன் ஆல்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக முழுமையாகக் கேட்டுவரச் சொல்லலாம்; தாமும் கேட்கலாம். இரு கிதார்களில் எது எங்கே பிரிகிறது, எது எங்கே சேர்கிறது என்று குறித்துவரச் சொல்லலாம். அந்தக் குறிப்பு ஏடு நிரம்பியபின், பிறப்பிடச் சான்றைக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எஞ்சியிருக்குமாயின், அதை ஏன் கேட்கிறார் என்பதை முதலில் அவரே விளக்கக் கடமைப்பட்டவர்.