வடமதுரையில் செல்லும், மயிலாப்பூரில் செல்லாது!

ஒரு கற்பனைக் கணக்கு. வடமதுரைக்காரர் ஒருவர். ஊரில் ஒரு ஓட்டு வீடு, வேடசந்தூர் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம், சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மயிலாப்பூரில் வாங்கிப் போட்ட ஒரு சின்ன வீடு. மூன்றையும் சேர்த்து ஒரே நாளில், ஒரே தாளில், இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதினார். 2015-இல் இறந்தும் போனார். பிள்ளைகள் சொத்தை விற்கக் கிளம்புகிறார்கள். ஊர் வீட்டுக்குப் புரொபேட் வேண்டாம். நிலத்துக்கும் வேண்டாம். மயிலாப்பூர் வீடு என்றதும் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்: "புரொபேட் வாங்கியாச்சா?"

அதே தாள். அதே கையெழுத்து. அதே சாட்சிகள். 400 கிலோமீட்டர் வடக்கே போனதும் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது!

ஆள்தான் கற்பனை, சட்டம் நிஜம். 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு சொன்னது இதுதான்: உயில் உண்மையானது என்று நீதிமன்றம் முத்திரை குத்திக் கொடுத்தால்தான் (அதற்குப் பெயர்தான் புரொபேட்) அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கொண்டாட முடியும். எல்லோருக்குமா? அங்கேதான் வேடிக்கை. இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர் என்றால் சென்னை, பம்பாய் உயர்நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள்ளும், பழைய வங்காள மாகாணத்திலும் எழுதிய உயில்களுக்கும், அங்கே இருக்கும் வீடு, மனைகளுக்கும் மட்டும். முஸ்லிம்களுக்கு ஆரம்பம் முதலே விலக்கு. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கிடைத்தது.

இந்தக் கோட்டைப் போட்டது யார்? வெள்ளைக்காரன். 1870-இல் இந்து உயில்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. இங்கிலாந்துச் சட்ட வழக்கம் வேரூன்றியிருந்த நகரங்களில் அவனுக்குப் பழக்கமான முறையை நம் ஆட்களுக்கும் வைத்தான். திண்டுக்கல் சீமைக்கு அது தேவைப்படவில்லை. அவன் போய் எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அந்தக் கோட்டை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் நாம்தான்!

சரி, முத்திரைதானே, வாங்கிவிட்டால் போகிறது என்று தோன்றலாம். எப்படி வாங்குவது? மனு போட வேண்டும். சொத்துக் கணக்கு காட்ட வேண்டும். நெருங்கிய உறவுகள் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். பெரிய அண்ணன் சிங்கப்பூரில், சின்ன அக்கா வீடு மாறிவிட்டார் என்றால் நோட்டீஸ் திரும்பி வரும், மறுபடி போகும். பத்திரிகையில் விளம்பரம் தர வேண்டும். உயிலில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். இருவரும் இறந்திருந்தால் அவர்கள் கையெழுத்தைத் தெரிந்தவரைத் தேட வேண்டும். எதிர்ப்பே இல்லாத மனுவுக்கே மாதங்கள் ஓடிவிடும். யாராவது ஒருவர் கேவியட் போட்டு எதிர்த்து நின்றால் மனு வழக்காக மாறும். பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு. அதைக் கணக்கிட நாள்காட்டி போதாது, தலைமுறைதான் வேண்டும்.

இதே சட்டத்தின் 293-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் இறந்து ஏழு நாள் முழுதாகக் கழியும் முன் புரொபேட் கொடுக்கக் கூடாதாம்! அவசரப்பட்டுக் கொடுத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் எழுதிய பிரிவு. குறைந்தபட்சம் எத்தனை நாள் என்று கவலைப்பட்ட சட்டம், அதிகபட்சம் எத்தனை நாள் என்று எங்கேயும் சொல்லவில்லை.

இந்தத் தாமதம் யாரைக் கொல்கிறது? நாலு வீடு வைத்திருப்பவர் காத்திருப்பார். அந்த ஒரே வீட்டை விற்று மருத்துவமனை பில் கட்ட வேண்டியவர்? கடனை அடைத்துவிட்டு மிச்சத்தில் மகளுக்குக் கல்யாணம் முடிக்க நினைக்கும் விதவை? அட்வான்ஸ் கொடுத்தவர் கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்பார். இல்லாவிட்டால் விலையைக் குறைப்பார். பூட்டிய வீடு மழைக்கு இடியும், வீட்டு வரி மட்டும் தவறாமல் ஏறும். லாபம் யாருக்கு? முட்டுக்கட்டை போடுபவருக்கு. அவர் வழக்கில் ஜெயிக்கவே வேண்டாம். வழக்கு இருந்தால் போதும், "ஏதாவது கொடுத்து முடித்துவிடுங்கள்" என்று மற்றவர்களே வருவார்கள்.

போலி உயிலைத் தடுக்க இது வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. போலி உயில் ஒரு நிஜமான ஆபத்துதான், மறுக்க வேண்டாம். பெண் பிள்ளைகளின் பங்கை மறைக்கக் கடைசி நேரத்தில் முளைக்கும் உயில்களைக் கேள்விப்படாத ஊர் எது? ஆனால் அந்தப் போலியை வடமதுரையில் எப்படிப் பிடிக்கிறார்கள்? பாதிக்கப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்குப் போகிறார். உயிலைக் காட்டுபவர் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 1870 முதல் இந்தச் சீமை அப்படித்தான் வாழ்ந்தது. ஒரு போலியைப் பிடிக்க ஊரில் உள்ள நல்ல உயிலையெல்லாம் வரிசையில் நிறுத்துவது பாதுகாப்பா, தண்டனையா? இன்னொன்று: புரொபேட் வந்தாலும் உயில் உண்மை என்பது மட்டும்தான் முடிவாகும். சொத்து உண்மையில் இறந்தவருடையதுதானா என்ற கேள்வி வந்தால் அதற்குத் தனி வழக்கு!

ஒருவழியாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தால் 213-ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. புரொபேட் இனி கட்டாயமில்லை, வேண்டியவர் வாங்கிக்கொள்ளலாம். நல்ல காரியம். ஆனால் கொண்டாடி முடிக்க இது நேரமல்ல. சட்டத்தை ஒரு வரியில் நீக்கலாம், பழக்கத்தை நீக்க முடியாது. நீக்கிய பிரிவு கூட "நீதிமன்றத்தில்" உரிமை நாட்டுவதைப் பற்றித்தான் பேசியது. சொத்தை வாங்குபவரின் வக்கீலும், கடன் தரும் வங்கியும் "பாதுகாப்புக்கு ஒன்று இருக்கட்டும்" என்று கேட்கத் தொடங்கினால், சட்டத்திலிருந்து போன புரொபேட் லீகல் ஒப்பீனியன் வழியாகத் திரும்பி வந்துவிடும்.

புரொபேட் இல்லாத வடமதுரையிலும் எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் நடை. உயில் இருந்தாலும் "எல்லா வாரிசும் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்பார் வாங்குபவர். ஒரு கையெழுத்துக்கு ஒரு விலை.

ஆகவே அரசு செய்ய வேண்டியது ஒன்று: விரும்பிப் புரொபேட் கேட்பவருக்கு, எதிர்ப்பு வராத மனு என்றால் இத்தனை நாளில் முடியும் என்று கெடு வைக்க வேண்டும். ஏழு நாளை எழுதத் தெரிந்த சட்டத்துக்குத் தொண்ணூறு நாளையும் எழுதத் தெரியும். வங்கிகளுக்கு ஒன்று: சட்டம் கேட்காத காகிதத்தைக் கேட்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று: உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லைதான், ஆனாலும் செய்துவிடுங்கள். உங்களைவிட வயது குறைந்தவர்களைச் சாட்சியாக வையுங்கள். பட்டாவை உயிரோடு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மகளுக்கு என்ன என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

இறந்தவர் தன் விருப்பத்தை எழுதி வைத்தது பிள்ளைகள் சண்டை போடாமல் பிழைக்கட்டும் என்றுதான். அந்தத் தாளை மதிக்க ஒரு நாட்டுக்கு இத்தனை வருடம் தேவைப்படக் கூடாது.